பான்ஸ் என்றால் ஓலை

இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயம் ஒன்றின் பழைய திருமணப் பதிவேட்டைப் புரட்டினால், மணமக்கள் பெயருக்கும் ஊருக்கும் அடுத்தபடியாகத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற சொல் ‘பான்ஸ்’. ஒலிப்பை அப்படியே ஒட்டி ‘பேன்ஸ்’ என்று எழுதினால் நமக்குத் தலை அரிக்கும். ஆகவே இங்கே பான்ஸ்.

திருமணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், வழிபாட்டின் நடுவே, மணமக்களின் பெயரைப் பாதிரியார் உரக்க வாசிப்பார். இவர்கள் சேரக்கூடாது என்பதற்கு முறையான காரணம் தெரிந்தவர்கள் சொல்லிவிடலாம் என்று சபையைக் கேட்பார். இதுதான் பான்ஸ். ஏற்கெனவே மணமானவரா, விலக்கப்பட்ட உறவுமுறையா என்பதெல்லாம் ஊருக்குத்தானே தெரியும்? திருச்சபைத் தலைவர்கள் 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இந்த வழக்கத்தை மேற்குத் திருச்சபை முழுமைக்கும் பொதுவாக்கியது.

சொல்லின் வேர் இன்னும் பழையது. பழைய ஆங்கிலத்தில் ‘பன்னன்’ என்ற வினைக்குக் கூவி அழைத்தல், ஆணையிடுதல் என்று பொருள். ஃபிராங்கு மக்களின் மொழியிலும் ‘பன்’ உண்டு. அது இடைக்கால இலத்தீனில் ‘பன்னும்’ ஆனது. ஆள்பவன் வாயால் வரும் ஆணை எதுவும் பன்தான். ‘இதைச் செய்யாதே’ என்ற ஆணைக்கே அந்தச் சொல் நாளடைவில் ஒதுங்க, தடையைக் குறிக்கும் ‘பேன்’ பிறந்தது. இப்படிக் கூவி ஊர்விலக்கு செய்யப்பட்டவன் இத்தாலியில் ‘பண்டீட்டோ’. ஆங்கிலத்துக் கொள்ளைக்காரன் ‘பாண்டிட்’ அவன் வழிவந்தவன். கல்யாண அறிவிப்பும் கொள்ளைக்காரனும் ஒரே வேரில் கிளைத்தவர்கள் என்பதை மணமேடையில் சொல்லாமல் இருப்பது நல்லது.

பதிவேடுகளுக்கு வருவோம். ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதியும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் உத்தரவிட்டவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல். எப்படி எழுதுவது என்பது எழுதுகிறவர் பாடு. பல ஊர்களில் பெயரும் தேதியும் தவிர வேறொன்றும் இருக்காது. 1753இல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் இயற்றப்பட்டு, 1754 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்தது. திருமணத்துக்குத் தனி ஏடு. மணமக்கள், இரண்டு சாட்சிகள், பாதிரியார் ஆகியோரின் கையொப்பம். எழுதத் தெரியாதவருக்கு ஒரு கீறல். பான்ஸ் வாசித்திருக்க வேண்டும், இல்லையேல் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் விலக்கு. காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கினால், தன் பெயர் ஊர்முன் ஏலம் போவதுபோல் கூவப்படுவதைத் தவிர்க்கலாம். அதனால் ‘பான்ஸ்’, ‘லைசென்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்தே அந்த வீட்டின் வசதியை ஓரளவு ஊகித்துவிடலாம்.

முன்னோரைத் தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மணமக்கள் வேறு வேறு பங்கினராக இருந்தால் இரண்டு இடத்திலும் பான்ஸ் வாசிக்கப்படும், திருமணமோ ஓரிடத்தில்தான். வாசித்த பிறகு முறிந்துபோனதும் உண்டு. பான்ஸ் பதிவு, திருமணம் நடந்ததற்குச் சான்றாகாது.

இதற்கு ஹாம்ப்ஷர் மாவட்டத்துச் சிற்றூரான ஸ்டீவன்டனைவிட வேடிக்கையான எடுத்துக்காட்டு கிடைக்காது. அங்கே பாதிரியாராக இருந்தவர் ஜார்ஜ் ஆஸ்டின். அவருடைய பதிவேட்டில் எப்படி நிரப்புவது என்று காட்டும் மாதிரிப் பக்கத்தை, சிறுமியாக இருந்த மகள் ஜேன் நிரப்பி வைத்தாள். பான்ஸ் படிவத்தில் லண்டன்காரர் ஒருவர், திருமணப் படிவத்தில் லிவர்பூல்காரர் ஒருவர், கடைசியில் வெறும் ஜாக் ஸ்மித். மணமகள் மூன்றிலும் ஜேன் ஆஸ்டின்தான். பின்னாளில் பெரும் நாவலாசிரியரான அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் பார்த்து ‘மணத்தடை’ என்று பெயர்த்தால் பொருள் கவிழ்ந்துவிடும். ‘திருமண முன்னறிவிப்பு’ பிழையில்லை. ஆனால் அலுவலக வாடை. நம் கிறித்தவர்களிடம் வாழும் சொல்லே இருக்கிறது: ஓலை வாசித்தல். ‘முதல் ஓலை வாசிச்சாச்சு, இன்னும் ரெண்டு ஓலை இருக்கு’ என்று கல்யாண வீட்டில் பேசிக்கொள்வார்கள். வாசிப்பது காகிதம்தான், பனையோலை போய் எவ்வளவோ காலமாகிவிட்டது.

எனக்கு இந்தச் சொல் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. ஓலை என்றால் வெறும் கடிதம் மட்டுமா? சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘திருமந்திர ஓலை’ அரசாணையை எழுதும் அதிகாரி. ஆக, பன்னும் அரசாணை, ஓலையும் அரசாணை; இரண்டும் நடந்து நடந்து கல்யாண வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பதிவேடு என்பதில் ஒளிந்திருக்கும் ‘ஏடு’கூடப் பனையின் பிள்ளைதான். ஆகவே அந்தப் பழைய பக்கங்களைத் தமிழாக்குகிறவர், ‘பான்ஸ்’ வரும் இடத்தில் ‘ஓலை வாசித்து’ என்றும், ‘லைசென்ஸ்’ வரும் இடத்தில் ‘உரிமம் பெற்று’ என்றும் தயங்காமல் எழுதலாம்.