நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கிறார்கள்: அறிவிப்பு முதல் இழப்பீடு வரை என்ன நடக்கும்?

இருக்கிற சாலையை அகலப்படுத்தினால் ஓரத்தில் பத்தடி, இருபதடி போகும். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை மாதிரிப் புதுத் தடம் போட்டால் வயலின் நடுவிலேயே கோடு விழும். ஹொஸ்கோட்டேயிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 262 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலையில் சுமார் 106 கி.மீ. தமிழ்நாட்டுக்குள் வருகிறது. இப்படிப்பட்ட சாலைகளுக்கு நிலம் கொடுப்பவருக்குச் சட்டம் தரும் உரிமைகள் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதி போனால் உரிமையும் போய்விடுகிறது.

முதலில், வந்திருக்கும் அறிவிப்பு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று பாருங்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். அதன் நடைமுறை வேறு. தேசிய நெடுஞ்சாலை, விரைவுச்சாலை என்றால் 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்கு.

தடம் முடிவாகும் கட்டம்

திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனம் போக்குவரத்தை எண்ணும், மண்ணைச் சோதிக்கும், மாற்றுத் தடங்களை ஒப்பிட்டு ஒன்றைப் பரிந்துரைக்கும். புதிய தேசிய நெடுஞ்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதற்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாவட்டந்தோறும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிக்க வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். ஏரி வரத்துக்கால், பாசன வாய்க்கால், சுடுகாட்டுப் பாதை ஆகியவை அறிக்கையில் விடுபட்டிருந்தால் இங்கே எழுத்தில் கொடுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறிய கோரிக்கைக்குத் திட்டத்தை நடத்துபவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வாய்வார்த்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இந்த அனுமதி வாங்கிய பிறகுதான் நில எடுப்பு தொடங்கும் என்று காத்திருக்க வேண்டாம். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை வழக்கில் 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நில எடுப்பு அறிவிப்புக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

3ஏ அறிவிப்பும் 21 நாளும்

நிலம் எடுக்கும் நோக்கத்தை மத்திய அரசு அரசிதழில் வெளியிடுவது 3ஏ அறிவிப்பு. (3ஏ, 3சி, 3டி, 3ஜி எல்லாம் 1956 சட்டத்தின் பிரிவுகள்.) அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும். ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். வீடு தேடி நோட்டீஸ் வரும் என்று இருந்துவிடாதீர்கள். 3சி பிரிவின்படி ஆட்சேபணைக்கு இருப்பது 21 நாள் மட்டுமே.

அட்டவணையில் ஒரு வரி இப்படி இருக்கும்: புல எண் 146/2பி, பகுதி, புன்செய், தனியார், 1,214 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40.47 ச.மீ.; ஆக 30 சென்ட். உங்கள் பட்டாவில் 0.40.50 ஹெக்டேர் என்றிருந்தால் மொத்தம் 4,050 ச.மீ., ஏறக்குறைய ஒரு ஏக்கர். எனவே 70 சென்ட் மிஞ்ச வேண்டும். புலப்பட வரைபடத்தை எடுத்து, அந்த 30 சென்ட் எந்தப் பக்கம் போகிறது, மிச்சம் ஒரே துண்டாக நிற்கிறதா, கிணறு எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தின் வகையையும் பாருங்கள். மனையாக மாறிய இடம் பழைய பதிவேட்டில் புன்செய் என்றே கிடந்தால், மதிப்பும் புன்செய்க்கே போடப்படும்.

ஆட்சேபணை மனுவை நில எடுப்புக்கான தகுதிவாய்ந்த அலுவலரிடம், பொதுவாகத் தனி மாவட்ட வருவாய் அலுவலரிடம், கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ பேச வாய்ப்புத் தர வேண்டியது அவர் கடமை. ‘நிலம் தர மாட்டேன்’ என்று ஒரே வரியில் எழுதும் மனு ஒரே வரியில் தள்ளுபடியாகும். பரப்பு தவறு, தடம் 20 மீட்டர் நகர்ந்தால் கிணறு தப்பும், வாய்க்காலுக்குப் பெட்டிப்பாலம் வேண்டும், பிளவுபட்ட நிலத்துக்கு டிராக்டர் போகிற அளவு சுரங்கப்பாதை வேண்டும் என்று புல எண்ணோடு எழுதுங்கள். விரைவுச்சாலையில் இரு பக்கமும் வேலி போட்டுவிடுவார்கள். வயலிலிருந்து நேராக ஏற முடியாது. ஆளும் நீரும் கடப்பதற்கு இடம் வரைபடத்திலேயே இல்லாவிட்டால், மண்மேடு எழும்பிய பிறகு அதைச் சேர்ப்பது மிகக் கடினம். மழைக்காலத்தில் ஒரு பக்க வயல் மூழ்கி மறுபக்கம் காய்வதும் பெரும்பாலும் இந்தக் குறையால்தான்.

3டி அறிவிப்பு

ஆட்சேபணைகளை முடித்து, நிலத்தை எடுப்பதாக மத்திய அரசு அரசிதழில் உறுதிசெய்வது 3டி. 3ஏ வந்த ஓராண்டுக்குள் 3டி வெளியாகவில்லை என்றால் 3ஏ காலாவதியாகும். நீதிமன்றத் தடை இருந்த காலம் கணக்கில் சேராது. 3டி வெளியான நிமிடமே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதற்கு முன்பு பட்டாவில் பெயர் மாற்றக் கூடாது. சேலம் வழக்கில் அவசரப்பட்டு மாற்றிய வருவாய்ப் பதிவுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, பழைய பெயர்களையே திரும்பப் பதியச் சொன்னது. சொந்தம் மாறினாலும், இழப்பீட்டுத் தொகையை அரசு செலுத்திய பிறகே இடத்தை ஒப்படைக்க நோட்டீஸ் தர முடியும். அதற்கு 60 நாள் அவகாசம் உண்டு.

இழப்பீட்டுக் கணக்கு

2013 நில எடுப்புச் சட்டத்தின் சமூகத் தாக்க ஆய்வும் உரிமையாளர் ஒப்புதலும் நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. ஆனால் அதன் இழப்பீடும் மறுவாழ்வும் பொருந்தும். சந்தை மதிப்பு 3ஏ தேதியில் நிலவியது. பதிவுத்துறை வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அதற்கு முந்தைய 3 ஆண்டில் அக்கம்பக்கத்தில் பதிவான இதே வகை நிலங்களின் சராசரி விலை மறுபக்கம். எது அதிகமோ அது. சராசரி எடுக்கும்போது எல்லாக் கிரயப் பத்திரத்தையும் சேர்ப்பதில்லை. 20 பத்திரம் இருந்தால் விலை உயர்ந்த 10 மட்டும்தான். இந்த விதியை விட்டுவிட்டு மொத்தத்துக்கும் சராசரி போட்டிருக்கிறார்களா என்று தீர்வாணையில் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணையில்) கட்டாயம் சரிபாருங்கள்.

சந்தை மதிப்பு 5,00,000 ரூபாய் என்று வைப்போம். ஊரகப் பகுதிக்கு 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயித்த பெருக்குக் காரணி உண்டு, அது 1.25 என்றால் 6,25,000. ஆழ்துளைக் கிணறு, மரங்கள் 75,000 சேர்த்தால் 7,00,000. இதன் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை: 14,00,000. 3ஏ தேதியிலிருந்து தீர்வாணை அல்லது நிலம் கையகப்படுத்தல், எது முந்தியதோ அதுவரை, பெருக்காத சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம். ஒன்றரை ஆண்டு என்றால் 90,000. மொத்தம் 14,90,000.

இங்கே பெரும்பாலும் விடுபடுவது மரமும் கட்டுமானமும்தான். கூட்டு அளவீட்டு நாளில் நிலத்தில் நில்லுங்கள். தென்னை எத்தனை, காய்க்கிறதா, மோட்டார் ரூம் எத்தனை சதுர அடி, நிலத்தடிக் குழாய் எத்தனை மீட்டர் என்று எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடுமுன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச நிலம் துண்டானதால் வரும் நஷ்டத்தையும் 3ஜி பிரிவில் கேட்கலாம். யாரும் கேட்காமல் அதைப் போட்டுத் தர மாட்டார்கள்.

மறுவாழ்வுத் தொகை நிலத்துக்குரிய தொகையோடு சேராதது. வீடிழந்தவருக்கு மாற்று வீடு. வேலை, 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்று. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000, போக்குவரத்துக்கு 50,000. ஒரே தடவை மீள்குடியமர்வுப் படி 50,000. மாட்டுக்கொட்டகைக்கும் பெட்டிக்கடைக்கும் குறைந்தது 25,000. சொந்த நிலம் இல்லாத குத்தகைதாரரும் விவசாயக் கூலிகளும்கூட, அறிவிப்புக்கு முந்தைய 3 ஆண்டு அந்த நிலத்தையே நம்பிப் பிழைத்திருந்தால் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’தான். பட்டா இல்லையென்று இவர்களைத் திருப்பி அனுப்புவது சட்டப்படி தவறு.

பணம் எங்கே சிக்குகிறது?

அப்பா பெயரில் பட்டா, வாரிசுச் சான்று இல்லை, பாகப்பிரிவினை பதியவில்லை, வங்கி அடமானம் தீரவில்லை. பெரும்பாலான தாமதம் இவற்றால்தான். பங்கில் தகராறு வந்தால் தொகை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 3ஏ வந்த அன்றே வில்லங்கச் சான்று, சிட்டா, வாரிசுச் சான்று மூன்றையும் நேர்செய்யத் தொடங்குங்கள். பணத்தை வாங்கினால் வழக்குப் போட முடியாதோ என்று பயந்து வாங்காமல் இருக்க வேண்டாம். ஆட்சேபணையுடன் பெறுவதாக எழுதிக் கொடுத்து வாங்கலாம்.

தொகை போதவில்லை என்றால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரிடம், மனு செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் முழுச் சான்றையும் வைத்தாக வேண்டும்: உயர்ந்த விலைக் கிரயப் பத்திரங்கள், அவை உங்கள் புல எண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் கிராம வரைபடம், மரம் வாரியான பட்டியல், அளவீட்டு நகல். நடுவர் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றம் போக 3 மாதமும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாளும்தான் கிடைக்கும். அங்கே மதிப்பைப் புதிதாகக் கணக்கிட மாட்டார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல், தமிழ்நாட்டு நிலம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே, தெளிவாக்கியது. நடுவர் தீர்ப்பைத் திருத்த நீதிமன்றங்களுக்கு 2025இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தந்த அதிகாரமும் குறுகியதுதான். நடுவர் கூட்டித் தரும் தொகைக்கு, நிலம் கையகப்படுத்திய நாளிலிருந்து பணம் செலுத்தும் நாள்வரை ஆண்டுக்கு 9 சதவீத வட்டி போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் அதையும் தனியாகக் கேளுங்கள்.