ஆல்ஜிட்: உறைகுளிர் இல்ல, சில்லிப்பு

மெய்ப்பு பாக்க வந்த ஒரு மருத்துவ மொழிபெயர்ப்புல மறுபடியும் "உறைகுளிர் மலேரியா"ன்னு இருந்துச்சு. இது மூணாவது தடவை, இதுக்கு மேல பேசாம இருக்க முடியல.

மூலத்துல இருக்குற சொல் ஆல்ஜிட் (algid). இங்கிலீஷ்லயே அதிகம் புழங்காத சொல்லு, 17-ஆம் நூற்றாண்டுல வந்தது. லத்தீன்ல அல்கெரேன்னா குளிர்ந்திருக்குறது, அதுலேர்ந்து அல்கிடுஸ், அதுலேர்ந்து இது. கோல்ட் (cold), ஜெலட்டின் ரெண்டும் ஒரே வேர்ல வந்ததுங்க, ஆல்ஜிட் அந்தக் குடும்பம் கிடையாது. வேர்க்கதை அவ்வளவுதான்.

இப்ப உறைகுளிருக்கு வருவோம். உறையுறதுன்னா திரவம் கெட்டியாகுறது, தண்ணி 0 டிகிரியில உறையும். நோயாளி உடம்புல எது உறையுது? ஃபால்சிபாரம்ங்குற கடுமையான வகை மலேரியா முத்தி ரத்த அழுத்தம் விழுந்துட்டா தோலுக்குப் போற ரத்தம் குறைஞ்சு கை காலெல்லாம் பிசுபிசுன்னு வேர்த்து சில்லிட்டுப் போகும், அதத்தான் ஆல்ஜிட் மலேரியாங்குறாங்க. காலராவுலயும் உடம்புல நீர் வத்திப்போய் இதே நிலை வரும், அப்ப உள்ளுக்குள்ள சூடு குறையாமகூட இருக்கலாம், தொடுற கைக்குத்தான் சில்லுன்னு இருக்கும்.

சரி, "உறை"ங்குறத எடுத்துட்டு "குளிர் மலேரியா"ன்னு போடலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. அது இன்னும் மோசம். மலேரியா வந்தவன் "எனக்குக் குளிருது, போத்தி விடு"ன்னு நடுங்குறப்ப உடம்புல காய்ச்சல் ஏறிக்கிட்டிருக்கும். குளிருறது அவனுக்கு, சில்லிட்டிருக்குறது தொடுறவங்க கைக்குத் தெரியுறது. இந்த வித்தியாசத்த தமிழ் எவ்வளவு சுத்தமா பிரிச்சு வெச்சிருக்கு! "கை கால் சில்லிட்டுப் போச்சு"ன்னு ஒரு வீட்டுல சத்தம் கேட்டா என்ன ஆபத்துன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. அந்தச் சொல்ல விட்டுட்டு அகராதியில குளிருக்குப் பக்கத்துல கிடைச்சதயெல்லாம் ஒட்டவெச்சு கலைச்சொல்லுன்னு குடுத்தா படிக்கிற நர்ஸுக்கு எத கவனிக்கணும்னே தெரியாது.

சீதளம்னு போடுறவங்களும் இருக்காங்க. வடமொழிங்குறதுக்காக மட்டும் நான் வேண்டாங்கல, சீதளம்னு கேட்டதும் பலருக்கு சளியும் குளிர்ச்சியான உடம்புவாகும்தான் நினைவுக்கு வருது, அதான் காரணம்.

என் கணக்குல ஆல்ஜிட் நிலைக்கு சில்லிப்பு நிலை, ஆல்ஜிட் மலேரியாவுக்கு சில்லிப்பு மலேரியா. பேச்சு வழக்கு மாதிரி இருக்கு, எழுத்துக்கு கௌரவமா இல்லன்னு சொல்றாங்க. சில்லிடுறது நல்ல தமிழ் வினை, அதுல என்ன கௌரவக் குறைச்சல்? புழங்குற சொல்லக் கண்டாலே கூச்சப்படுற பழக்கம் நம்ம மொழிபெயர்ப்பாளர்கள்கிட்ட ரொம்ப நாளா இருக்கு, புரியாத மாதிரி இருந்தாத்தான் அறிவியல்னு நம்புறாங்க.

செத்த பிறகு உடம்பு சூடு இறங்குறதுக்கு வெச்ச ஆல்கர் மார்ட்டிஸ்லயும் இதே வேர்தான். ஆனா அங்க சில்லிப்பு போட மாட்டேன். சுத்தி இருக்குற சூட்டளவுக்கு உடம்பு கொஞ்சங்கொஞ்சமா ஆறுது, அதுக்கு பிணக்குளிர்வு சரியா பொருந்துது.