சட்டயர் என்றால் அங்கதம்: ஓர் இசைத்தட்டை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

அறுபதுகளின் ராக் இசையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களை அடிக்கடி இடறவைக்கும் ஆங்கிலச் சொல் ‘சட்டயர்’. அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவை அறிமுகப்படுத்தும்போது ‘கிண்டல் குழு’, ‘நையாண்டி ராக்’, ‘காமெடி ஆல்பம்’ என்று கைக்கு வந்த சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். மூன்றும் பொருந்தாது. சரியான சொல் அங்கதம். அது நேற்றுக் கட்டிய கலைச்சொல்லும் அல்ல, தொல்காப்பியம் வரையறுத்து வைத்திருக்கும் சொல்.

முதலில் ‘சட்டயர்’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீனில் ‘ஸத்துரா’ என்றால் நிரம்பியது. தெய்வத்துக்குப் படைக்கும் பலவகைக் கனிகள் நிறைந்த தட்டுக்கு ‘லான்க்ஸ் ஸத்துரா’ என்று பெயர். பலதையும் கலந்து எழுதிய கவிதைக்கும் அந்தப் பெயர் வந்தது. லூசிலியஸ், ஹொரேஸ், ஜுவெனல் ஆகிய ரோமானியக் கவிஞர்களின் கையில் அது ஊரின் குற்றங்களைக் கடியும் கவிதையாக மாறியது. கிரேக்கரிடம் கடன் வாங்காத, முழுக்க நம்முடைய வடிவம் என்று ரோமானியரான குவின்டிலியன் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். ‘ஸாட்டிர்’ என்ற, பாதி ஆட்டுருவம் கொண்ட கிரேக்க வனதெய்வத்தோடு இதற்கு உறவில்லை. முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கிலேயர்கள் அப்படி ஓர் உறவு இருப்பதாக நம்பி, அந்தத் தெய்வத்தைப்போலக் கரடுமுரடாக எழுதுவதே இலக்கணம் என்று நினைத்தார்கள். 1605இல் ஐசக் கசோபன் என்ற அறிஞர் இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டினார்.

பல பண்டம் நிறைந்த தட்டு என்ற அந்தப் பழைய பொருள், 1968 மார்ச்சில் வெர்வ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவின் மூன்றாவது இசைத்தொகுப்புக்கு அச்சாகப் பொருந்துகிறது. பெயர் ‘வி ஆர் ஒன்லி இன் இட் ஃபார் தி மனி’, அதாவது ‘காசுக்காக மட்டுமே இதில் இருக்கிறோம்’. சுமார் 40 நிமிடத்துக்குள் குட்டிக் குட்டிப் பாட்டுகள், ஒரு தொலைபேசி உரையாடல், ஒலிப்பதிவாளர் கேரி கெல்க்ரெனின் கிசுகிசுப்பு, ஒலிநாடாவை வெட்டி ஒட்டிய இரைச்சல் எல்லாம் ஒரே தட்டில்.

இனி நம் சொல். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்கிறது: “அங்கதம் தானே அரில்தபத் தெரியின் / செம்பொருள் கரந்தது எனஇரு வகைத்தே.” குற்றத்தை நேராகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், அதை வசை என்றும் சொல்வார்கள். சொல்ல வந்ததை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். புறநானூற்றின் 95ஆம் பாட்டு பின்னதற்குச் சரியான சான்று. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல்மனையில் மின்னுகின்றன, அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானுக்குப் பாராட்டு. உள்ளே இருப்பது, உன் ஆயுதம் போரையே பார்த்ததில்லை என்ற இடிப்பு.

கவனிக்க வேண்டியது, இந்த வரையறையில் சிரிப்பு கட்டாயம் இல்லை. பழி இருக்க வேண்டும், அதற்கு உரியவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தொகுப்பில் உள்ள ‘மாம் அண்ட் டாட்’ பாட்டைக் கேட்டால் இது விளங்கும். காவலர்கள் இளைஞர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். செத்தவர்கள் ஏதோ உருப்படாத கூட்டம் என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். அவர்கள் மகளும் அங்கேதான் கிடக்கிறாள். மெதுவான மெட்டு, ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வராது. ஓஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றது 1970 மே 4 அன்று. அதற்கு இரண்டு ஆண்டு முந்தைய பாட்டு இது. இதைப் போய் ‘காமெடி’ என்று எப்படி எழுதுவது? செம்பொருள் அங்கதம் என்றால் ஒரு சொல்லும் மிகாது, குறையாது.

அடுத்த குழப்பம், அங்கதத்தையும் ‘பேரடி’யையும் ஒன்றாக்குவது. பேரடி என்ற சொல்லின் கிரேக்க வேருக்கு ‘பக்கப்பாட்டு’ என்று பொருள்: ‘பாரா’ பக்கத்தில், ‘ஓடே’ பாட்டு. ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பின் அச்சை எடுத்து, உள்ளடக்கத்தைக் கவிழ்ப்பது. இதற்குப் பகடி என்ற சொல் தமிழில் நிலைபெற்றுவிட்டது. ஈழத்து வழக்கில் பகிடி என்றால் பொதுவாக வேடிக்கைப் பேச்சுதான் நினைவுக்கு வரும் என்பதால், அங்குள்ள வாசகர்களுக்கு எழுதும்போது ஒருமுறை பொருளைச் சொல்லிவிடுவது நல்லது.

‘ஃப்ளவர் பங்க்’ பாட்டில் இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். ‘ஹே ஜோ’ என்ற பாட்டில் கையில் துப்பாக்கியோடு போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேள்வி வரும். இங்கே கேள்வி அதே, கையில் மட்டும் பூ. பதிலாக, சான்ஃபிரான்சிஸ்கோ போய் ஒரு சைக்கடெலிக் (போதை மயக்கத்தைப்போல ஒலிக்கும் ராக்) இசைக்குழுவில் சேரப்போகிறேன் என்கிறான். மூலப்பாட்டின் நாலடித் தாளம் ஐந்தும் ஏழுமாக உடைகிறது, நம் கணக்கில் கண்டமும் மிஸ்ரமும் மாறி மாறி வருவதுபோல. கடைசியில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பேசித் தீர்க்கின்றன, ராயல்ட்டிக் காசும் அந்தப் பேச்சில் வந்துவிடுகிறது. மூலத்தின் கேள்வி-பதில் அமைப்பை எடுத்துக்கொண்டது பகடி. ஹிப்பி இளைஞர்களின் அடையாளமான பூவையும் அன்பையும் விற்பனைச் சரக்காக்கியவர்களைக் குத்துவது அங்கதம். போதைப்பொருளைத் தானும் ஒதுக்கி, குழுவிலும் தடுத்தவர் ஸாப்பா என்பதால் அந்தக் குத்து வலுவாக விழுகிறது.

அட்டைப்படம் முழுப் பகடி. பீட்டில்ஸ் குழு 1967இல் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தொகுப்பின் அட்டையில் குழுவின் பெயர் பூக்களால் எழுதப்பட்டிருக்கும். இங்கே காய்கறிகளும் தர்ப்பூசணியும். அங்கே நீல வானம், இங்கே இடிமின்னல். ‘ஹே ஜோ’வை இசைத்தட்டாக வெளியிட்டுப் பெயர்பெற்ற ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இந்தப் படத்துக்கு நேரிலேயே வந்து நின்றார். வழக்கு வருமோ என்று பயந்த நிறுவனம் அட்டையை உள்வெளியாகத் திருப்பிவிட்டது. குழுவினர் பெண்கள் உடையில் மஞ்சள் பின்னணியில் நிற்கும் உட்படம் முகப்பாயிற்று, பகடிப்படம் உள்ளே போயிற்று.

எழுதும்போது இந்த வரிசையில் கேட்டுக்கொண்டால் போதும். ஒருவரின் குற்றத்தைச் சுட்டுகிறதா? அங்கதம். வேறொரு படைப்பின் வடிவத்தை எடுத்திருக்கிறதா? பகடி. இரண்டுமே ஆம் என்றால் ‘பகடி வழி அங்கதம்’ என்று சேர்த்தே எழுதலாம். இரண்டும் இல்லையென்றால் நகை, வேடிக்கை. ‘நையாண்டி இசை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாசகர் காதில் கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளம்தான் ஒலிக்கும், அது தனி மரபு. தோளில் அணியும் நகைக்கும் அங்கதம் என்று பெயர் உண்டு, ஆனால் இடம் பார்த்தால் குழப்பம் வராது. அடையாக வரும்போது அங்கதப் பாடல், அங்கதத் தொகுப்பு என்று ஒற்று மிகும். இசைக்குழு, உயிரெழுத்தில் தொடங்குவதால் அங்கத இசைக்குழு.

ஒரு நுணுக்கம் மிச்சம் இருக்கிறது. ‘மதர் பீப்பிள்’ பாட்டில் தணிக்கைக்கு ஆளான ஒரு பகுதியை ஸாப்பா தலைகீழாகத் திருப்பி, இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசியில் ‘ஹாட் பூப்’ என்ற பெயரில் வைத்துவிட்டார். சொல் மறைந்திருக்கிறதே, இது பழிகரப்பா என்றால் இல்லை. பழிகரப்பில் சொற்கள் வெளிப்படையாகவே கேட்கும், பழி மட்டும் புகழுக்குள் ஒளிந்திருக்கும். தலைகீழாக ஓடும் நாடாவில் சொல்லே கேட்பதில்லை. நாடாவை எதிர்த்திசையில் ஓடவிட்டால் வெளிவருவது செம்பொருள்தான்.