சைக்கிளிக் ஷெட்யூலிங்: தமிழில் சுழல்நிரல்

ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஆலையில், ஒரு சுற்றுக்கு மட்டும் வேலை வரிசையைக் கணித்து அதையே தொடர்ந்து ஓட்டுவதுதான் சைக்கிளிக் ஷெட்யூலிங். சைக்கிள் என்ற சொல் கிரேக்க 'கிக்லோஸ்' வழி வந்தது; வட்டம், சக்கரம் என்று பொருள். வடமொழி வழியாக நம்மிடம் வந்த சக்கரமும் அதே வேரிலிருந்து பிரிந்ததுதான். ஷெட்யூலின் லத்தீன் மூலத்துக்குச் சிறு தாள் துண்டு என்று பொருள், நம் ஓலை நறுக்கு மாதிரி.

'சுழற்சி அட்டவணை' என்று எழுதினால் தப்பில்லை. ஆனால் அட்டவணை என்றதும் கட்டம் போட்ட தாள்தான் கண்ணில் நிற்கிறது, இங்கே முக்கியம் எதற்கு அப்புறம் எது, எப்போது என்பது. வரிசைக்கு நிரல் என்ற பழைய சொல் இருக்கும்போது 'சுழல்நிரல்' என்றே சொல்லலாம். கணினி நிரலோடு குழம்பும் என்றால் முன்னால் 'உற்பத்தி' சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய குழப்பம் சைக்கிள் டைமில்தான். ஒரு பொருளை வெட்ட 3 நிமிடம், பற்றவைக்க 5, வண்ணம் பூச 4, ஒவ்வொன்றுக்கும் ஒரு இயந்திரம் என்று வையுங்கள். உள்ளே போனது வெளியே வர 12 நிமிடம். அதைத்தான் சைக்கிள் டைம் என்று நினைத்துச் 'சுற்று நேரம்' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் முதல் பொருளைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே, 5-ஆம் நிமிடத்தில், அடுத்ததை வெட்டத் தொடங்கலாம். 12, 17, 22 என்று 5 நிமிடத்துக்கு ஒன்று வெளியே வரும். இந்தத் துறையில் சைக்கிள் டைம் என்பது இந்த 5-ஐத்தான், அதனால் 'சுழற்சி இடைவெளி' என்பதே சரி. பற்றவைக்கவே 5 நிமிடம் ஆவதால் அதற்குக் கீழே இறங்கவும் முடியாது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் கணக்குதான் ஆப்டிமைசேஷன், தமிழில் உகப்பாக்கம். உகப்பு என்றால் உயர்தல் என்கிறது தொல்காப்பியம். இடைவெளி குறைந்தால் உற்பத்தி உயரும் என்பதால் சொல் அழகாகப் பொருந்துகிறது.

எல்லாக் கணக்கும் இவ்வளவு சுலபமில்லை. மின்முலாம் பூசும் ஆலையில் தொட்டிக்குத் தொட்டி பொருளைத் தூக்கிப்போக ஒரே பளுதூக்கி இயந்திரம்தான் (ஹாய்ஸ்ட்) இருக்கிறது என்று வையுங்கள். எந்தத் தொட்டியிலும் குறித்த குறைந்தபட்ச நேரத்துக்கு முன்னாலும் எடுக்கக்கூடாது, அதிகபட்ச நேரத்துக்குப் பின்னாலும் எடுக்கக்கூடாது. பளுதூக்கி வெறுங்கையோடு திரும்பும் நேரமும் கணக்கில் வரும். 1976-ல் பிலிப்ஸ், உங்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைக் கலப்பு முழுஎண் திட்டமிடல் கணக்காக, அதாவது சில மதிப்புகள் முழுஎண்ணாகவே இருக்கவேண்டிய உகப்பாக்கக் கணக்காக எழுதினார்கள், அதில் தேடியதும் இதே சுழற்சி இடைவெளியைத்தான்.