டிஸ்சார்ஜ் என்றால் பணிநீக்கமா?

ஆஸ்பத்திரியில் "இன்னைக்கு டிஸ்சார்ஜ்" என்றால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அதே சொல் அமெரிக்க ராணுவச் செய்தியில் வந்தால் மட்டும், தமிழாக்கும்போது கை தானாக 'பணிநீக்கம்' என்று தட்டச்சு செய்துவிடுகிறது. அது தப்பு.

லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதற்கான வினைச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக 'சார்ஜ்' ஆனது, முன்னால் 'டிஸ்' சேர்ந்ததும் ஏற்றிய பாரத்தை இறக்குவது என்று பொருள் திரும்பிவிட்டது. துப்பாக்கி சுட்டாலும், பேட்டரி தீர்ந்தாலும், நோயாளி வீடு திரும்பினாலும் அடியில் இருப்பது இந்த இறக்குதல்தான். ஆக, ராணுவத்தில் இது பணிப் பொறுப்பை இறக்கிவிடுவது; தண்டனையா இல்லையா என்பதை முன்னால் வரும் அடைமொழிதான் சொல்லும். 'படைவிடுவிப்பு' என்பது என் தேர்வு.

அந்த அடைமொழிகள் ஐந்து. மதிப்புடன் விடுவிப்பு, பொது விடுவிப்பு, மதிப்புடன் அல்லாத விடுவிப்பு என்ற மூன்றும் நிர்வாக முடிவுகள். தீநடத்தை விடுவிப்பு, அவமதிப்பு விடுவிப்பு இரண்டையும் ராணுவ நீதிமன்றம் மட்டுமே தரமுடியும். எந்த வகை என்பது டிடி 214 என்ற விடுவிப்புத் தாளில் ஏறிவிடும், வேலை கேட்டுப் போகும் இடத்தில் அதைத்தான் கேட்பார்கள். முன்னாள் வீரர்களுக்கான கல்வி உதவிக்குப் பொது விடுவிப்பே போதாது, மதிப்புடன் வந்திருக்கவேண்டும். 1947 வரை நீலத் தாளில் அச்சிட்ட ஒரு விடுவிப்பும் இருந்தது. கறுப்பின வீரர்களும் ஒருபாலீர்ப்பாளர்களும்தான் அதில் அதிகம் சிக்கினார்கள்.

சரி, இந்தத் தாளை எதிர்த்துப் போவதை 'மேல்முறையீடு' எனலாமா? பேச்சுக்குச் சொல்லலாம், ஆனால் நடப்பது நம்மூர் பட்டா பெயர் திருத்தத்துக்குத்தான் நெருக்கம். முதலில் விடுவிப்பு மறுஆய்வு வாரியம், அதற்கு 15 ஆண்டு கெடு. கெடு தாண்டினாலோ அங்கே முடியாமல் போனாலோ ராணுவப் பதிவேடு திருத்த வாரியம். 1946இல் வந்த சட்டத்தால் உருவான இதில் உட்காருபவர்கள் சீருடைக்காரர்கள் இல்லை, சிவிலியன்கள். டிடி 149 படிவத்தில் மனு போட்டு, பதிவில் பிழையோ அநீதியோ இருக்கிறது என்று காட்டவேண்டும். பிழை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு, நியாயம் கருதி அதை அவர்களே தளர்த்தலாம். போர் அனுபவத்தால் மனம் பாதிக்கப்பட்டவர்களின் மனுக்களைத் தாராளமாகப் பார்க்கும்படி 2014இலும் 2017இலும் பாதுகாப்புத் துறை எழுதி அனுப்பியது.

'போர்டு' என்பது முதலில் வெறும் பலகை, அப்புறம் மேசை, அப்புறம் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். நம் 'வாரியம்' பலகையிலிருந்து வந்ததில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் பத்தாம் நூற்றாண்டிலேயே இருக்கின்றன. அதனால் 'பதிவேடு திருத்த வாரியம்' என்று தாராளமாக எழுதலாம்.

இவ்வளவு ஏன் பிடிவாதம் என்றால், ஹென்றி ஃபிளிப்பரின் கதையைப் 'பணிநீக்கம்' என்ற ஒரே சொல்லை வைத்துச் சொல்லவே முடியாது. வெஸ்ட் பாயின்ட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1877இல் தேறிய முதல் கறுப்பினத்தவர். டெக்சாஸில் பணக் கையாடல் குற்றச்சாட்டில் விடுதலையானார், ஆனால் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று 1882இல் வெளியேற்றினார்கள். அதிகாரி என்பதால் அதன் பெயர் டிஸ்சார்ஜ் இல்லை, டிஸ்மிஸல், அசல் பணிநீக்கம். 1940இல் இறந்துபோனார். 1976இல் திருத்த வாரியம் அந்தப் பணிநீக்கத்தை மதிப்புடன் விடுவிப்பாக மாற்றப் பரிந்துரைத்தது, அப்படியே மாறியது, 1882ஆம் ஆண்டுத் தேதியிட்டே. தீர்ப்பை மட்டும் தொடமுடியாது, தங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார்கள். அதற்கு 1999இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது.