கட்டிலுக்குக் கீழே பற்றரி வைத்திருப்பவர்களுக்கு

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு அழைப்பு. பழைய பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, இருக்கைகளைக் கழற்றி, நடமாடும் தேநீர்க்கடையாக மாற்றி ஓடுகிற குடும்பம் அது. வைகாசியில் வற்றாப்பளை, ஆவணியில் மடு மாதா கோயில் என்று திருவிழாக்களின் பின்னால் போவார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் கட்டில். இரவில் அங்கேயே படுக்கை.

அழைத்தது அந்த பஸ்சை நடத்துகிற தம்பியின் மனைவி. “அண்ணை, பஸ்சுக்குள்ள ஒரே கூழ்முட்டை மணம். முட்டை உடைஞ்சிருக்கும் எண்டு ரெண்டு தட்டையும் வெளியில எறிஞ்சிட்டன். இன்னும் மணக்குது. கட்டில் பலகையும் சுடுது.”

முட்டை மணத்தைக் கேட்டபோது சிரிப்பு வந்தது உண்மைதான். கட்டில் சுடுகிறது என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. லைற் சுவிட்சையோ பிரிஜ்ஜையோ தொட வேண்டாம், பிள்ளைகளோடு உடனே இறங்குங்கள், கரண்ட் எடுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கேயே பிளக்கைக் கழற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அடுப்பு அப்போது எரியவில்லை. அது அவர்களுடைய நல்ல காலம்.

நான் கிளிநொச்சியில் வாகன வயரிங் வேலை செய்கிறவன். பற்றரியைக் காற்றுப் போகாமல் பெட்டிக்குள் அடைக்கிற இந்தப் பிழையை இப்போது அடிக்கடி காண்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய பஸ், லொறி, வான் எல்லாவற்றுக்கும் இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. கடை, படுக்கை, ரியூஷன் வகுப்பு என்று என்னவெல்லாமோ ஆகின. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது பற்றரியும் இன்வேற்றரும் வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டன. அதற்கும் முந்திய கதை ஒன்று எங்களுக்கு உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு கார் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி, சார்ஜ் பண்ணக் கொண்டுபோய்க் கொண்டுவந்த சனம் நாங்கள். அதைத் திண்ணையில் வைத்து ரேடியோ கேட்டோம், படம் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே பற்றரி என்றால் வன்னியில் யாருக்கும் பயமில்லை. ஆனால் அன்று அது காற்றோட்டமான திண்ணையில் இருந்தது. இன்று கட்டிலுக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் இருக்கிறது.

சரி, அந்த பஸ்சுக்கு வருவோம். கதவையெல்லாம் திறந்துவிட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நின்றோம். அப்புறம் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். தம்பி வேலையை வடிவாகச் செய்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். நல்ல பிளைவுட்டில் பெட்டி, மூலைக்கு மூலை சிலிக்கன், மூடிக்குக் கீழே ரப்பர் பட்டி. “அசிட் மணம் உள்ளுக்கு வராமல் இருக்கத்தான் அண்ணை, ஒரு ஊசி போக இடமில்லை” என்றார். பிழையே அந்த வடிவில்தான் இருந்தது. பெட்டிக்குள் லொறிக்குப் போடுகிற 100 அம்பியர்-மணி பற்றரிகள் 4, சமாந்தரமாக இணைத்தபடி. அவற்றில் ஒன்றின் பக்கவாட்டு கர்ப்பிணி வயிறு மாதிரி வீங்கியிருந்தது. அதே பெட்டிக்குள் ஓரமாக பிரிஜ்ஜுக்கான ரிலே, அதாவது தானாகப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச். ஒவ்வொரு தடவை பிரிஜ் ஓடத் தொடங்கும்போதும் அதற்குள் ஒரு பொறி பறக்கும்.

நடந்தது இதுதான். 12 வோல்ற் பற்றரிக்குள் 6 அறைகள். 14.4 வோல்ற்றில் சார்ஜ் ஏறும்போது அறைக்கு 2.4 வோல்ற் பங்கு. அந்த இடத்திலேயே தண்ணீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனும் குமிழி குமிழியாக வரத் தொடங்கும். அது வழமையானது, பற்றரி விடுகிற மூச்சு என்று வையுங்கள். வீங்கிய பற்றரியில் ஒரு அறை உள்ளுக்குள் ஷோட் ஆகிவிட்டது. இப்போது அதே 14.4 வோல்ற்றை மிச்ச 5 அறைகளும் பங்கு போட வேண்டும். அறைக்கு 2.88. அது மூச்சு இல்லை, கொதிப்பு. சார்ஜருக்கோ இது தெரியாது, பற்றரி நிறையவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் தள்ளும். சூடு ஏற ஏற ஐதரசன் சல்பைட் வரும். அந்தக் கூழ்முட்டை மணம் அதுதான். அது நஞ்சு. கொஞ்சம் கூடினால் மூக்கே மரத்துப்போய் மணம் தெரியாமல் போய்விடும். ஆகவே “இப்ப மணக்கேல்லை, சரி வந்திட்டுது” என்று யாராவது சொன்னால் நம்பி உள்ளே போகாதீர்கள்.

ஐதரசனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றில் 4 வீதம் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும், 75 வீதம் வரை அந்த ஆபத்து இருக்கும். பற்ற வைக்க நெருப்புக்குச்சி தேவையில்லை, ஒரு சுவிட்சின் பொறியே அதிகம். தம்பிக்கு அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். நிறைந்த பற்றரிக்குள் வீணாகப் போகிற ஒவ்வொரு அம்பியரும் மணித்தியாலத்துக்கு அறைக்கு 0.45 லீற்றர் அளவில் ஐதரசன் தரும். 10 அம்பியர், 6 அறை என்றால் 27 லீற்றர். அவருடைய பெட்டியில் பற்றரி போக மிச்ச இடம் 140 லீற்றர் வரும். அதில் 4 வீதம் 5.6 லீற்றர். கால் மணித்தியாலம் கூட வேண்டாம், பெட்டி வெடிக்கத் தயார். அவர் பேசவில்லை, என்னை அழைத்த தங்கச்சிதான் மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப சீல் பற்றரி போட்டால் சரிதானே?” இதைக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. சீல் பற்றரி தன் வாயுவைத் தனக்குள்ளேயே திரும்பத் தண்ணீராக்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அதிலும் ஒரு வால்வு இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி சார்ஜ் ஏறினால் அது திறக்கும். மூச்சு குறைவு, அவ்வளவுதான். அதையும் காற்றுப் புகாமல் அடைக்கக்கூடாது. லிதியம் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது வேறு சாதி, அதற்கு வேறு ஒழுங்கு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

பஸ் செய்கிறவன் அதன் சொந்தப் பற்றரியை எங்கே வைத்திருக்கிறான் என்று எப்போதாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? தளத்துக்குக் கீழே, பக்கத் தகட்டுக்குப் பின்னால், வெளியே திறக்கிற கதவோடு. ஆட்கள் இருக்கிற இடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இடமிருந்தால் கடைக்கும் படுக்கைக்கும் கரண்ட் தருகிற உங்கள் பற்றரியையும் அங்கேதான் வைக்க வேண்டும் என்பேன். சில்லுத் தெறிப்பும் புகைக்குழாயின் சூடும் படாத பக்கமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவே. இடமில்லாவிட்டால் உள்ளே வைக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி உள்பக்கத்துக்கு இறுக்கமாகவும் வெளிப்பக்கத்துக்குத் தாராளமாகவும் இருக்க வேண்டும். தம்பி பாதியைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

அவருக்கு நான் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன். ஆங்கிள் இரும்பில் சட்டம் ஒட்டி, பஸ்சின் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். வெறும் தளத் தகட்டில் திருகாணி அடிப்பது போதாது. அந்த நான்கு பற்றரியும் 100 கிலோவுக்கு மேல் வரும். ஏ9 வீதியில் இரவில் மாடு குறுக்கே வந்து பிறேக் அடித்தால் அந்த 100 கிலோ முன்னால் வரப் பார்க்கும், அதன் மேல் படுத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு. ஆகவே பற்றரிகளுக்கு மேலாகக் குறுக்குச் சட்டம் ஒன்று, அதற்கு அடியில் ரப்பர். கிறவல் ரோட்டு அதிர்வில் நட் கழரும், பூட்டு நட் போட்டேன். சட்டத்துக்குள் ஓட்டை இல்லாத தடித்த பிளாஸ்ரிக் தொட்டி. ஒரு பற்றரி உடைந்தால் அதன் அசிட் முழுவதும் அந்தத் தொட்டிக்குள்ளேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தளத் தகட்டைத் தின்று சேசிஸ் வரை போகும்.

மூடியைத் தட்டையாக வைக்கவில்லை, ஒரு பக்கம் உயர்த்தினேன். ஐதரசன் காற்றை விட 14 மடங்கு பாரம் குறைந்தது, எங்கே உயரமோ அங்கே போய்க் குந்தும். அந்த உயர்ந்த மூலையிலிருந்து 4 அங்குல பீவீசி குழாய், பக்கச் சுவரோடு ஏறிக் கூரைக்கு மேலே. சிலர் பேனைத் தடிப்பில் ஒரு ரியூப்பை விட்டுவிட்டு “காற்றுப் போகுது” என்பார்கள். தண்ணீர் விடுகிற நான்கு பற்றரிக்கு 80 சதுர சென்ரிமீற்றர் வாயாவது வேண்டும், உள்ளே வரும் வழியும் அதே அளவுக்கு. குழாயின் உச்சிக்கு மலசலகூடக் குழாய்க்குப் போடுகிற தொப்பி, அதற்குள் வலை. வலை இல்லாவிட்டால் எங்கள் ஊர்க் குளவி இரண்டு கிழமையில் மண்ணால் அடைத்துவிடும். வலை போட்டாலும் மாதம் ஒருமுறை ஏறிப் பார்க்கத்தான் வேண்டும்.

உள்ளே காற்று வருகிற வழி பெட்டியின் அடியில், தளத்தைத் துளைத்து வெளியே பார்த்தபடி. பஸ்சின் உட்பக்கத்தைப் பார்த்து வைக்கவே கூடாது. இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐதரசன் மேலே போகும், சமையல் காஸ் கீழே இறங்கும். சிலிண்டர் கசிந்தால் அந்தக் காஸ் தளத்தோடு தவழ்ந்து வந்து உங்கள் பற்றரிப் பெட்டிக்குள் வடிவாக இறங்கிவிடும். தேநீர்க்கடை பஸ்சுக்கு இது கற்பனை இல்லை. சிலிண்டரை மற்ற மூலைக்கு மாற்றி, அதற்கும் தனியே தளத்தில் ஓட்டை போட்டோம்.

பொறி பறக்கக்கூடிய எதுவும் பெட்டிக்குள் இருக்கக்கூடாது. ரிலே, சுவிட்ச், இன்வேற்றர், பியூஸ் எல்லாம் வெளியே. பியூஸ் மட்டும் பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள், பெட்டிச் சுவரின் மறுபக்கத்தில். பியூஸுக்கு முந்திய வயர் எங்காவது தகட்டில் உரசினால் அதை நிறுத்த ஒன்றுமே இல்லை, ஆயிரக்கணக்கான அம்பியர் ஓடும். ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. சுவரைத் துளைக்கிற இடத்தில் ரப்பர் வளையம் போட மறக்காதீர்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பற்றரிக்கு 25 பாகை பிடிக்கும். அதற்கு மேல் நிரந்தரமாக 10 பாகை கூடினால் ஆயுள் பாதி ஆகிவிடும் என்பது எங்கள் தொழிலில் வழமையான கணக்கு. ஆடி வெயிலில் நிறுத்திய பஸ்சுக்குள் எத்தனை பாகை இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சூடான பற்றரிக்குக் குறைந்த வோல்ற் கொடுக்க வேண்டும், பாகை ஒன்றுக்கு 0.02, 0.03 வோல்ற் அளவில். பற்றரியில் ஒட்டுகிற வெப்ப உணரி உள்ள சார்ஜர் என்றால் அதுவே பார்த்துக்கொள்ளும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

வேலை செய்யும்போது மோதிரமும் கைச்சங்கிலியும் கழற்றி வைக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதல், பூட்டும்போது மைனஸ் கடைசி. ஸ்பனரின் பிடிக்கு இன்சுலேஷன் ரேப் சுற்றுங்கள். என் முதல் ஸ்பனரில் இப்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது, அது ரேமினலில் ஒட்டி உருகிய இடம். அருகில் ஒரு கான் தண்ணீர், ஒரு பை அப்பச்சோடா. தரையில் சிந்தினால் சோடா, உடம்பில் பட்டால் வெறும் தண்ணீர். கண்ணில் பட்டால் 20 நிமிடம் விடாமல் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரி. கண்ணுக்குச் சோடா போடக்கூடாது. பற்றரிக்குள் கிணற்றுத் தண்ணீர் விடுகிறவர்களோடு எனக்கு நீண்ட நாள் சண்டை. எங்கள் தண்ணீர் கேத்தலுக்குள் செய்கிற வேலையைப் பாருங்கள், பற்றரிக்குள் இருக்கிற ஈயத் தகட்டுக்கும் அதுதான். பற்றரித் தண்ணீர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு.

வீங்கிய பற்றரியை ஒரு முழு நாள் வெளியே மர நிழலில் ஆறவிட்டுத்தான் தொட்டோம். அதை உடைத்து ஈயம் எடுத்து மீன்வலைக்குக் குண்டு வார்க்கலாமா என்று ஒருவர் அங்கேயே கேட்டார். வளவுக்குள் ஈயம் உருக்கினால் அந்தப் புகையும் தூசியும் முதலில் போவது பிள்ளைகளின் உடம்புக்குள். பழைய பற்றரி வாங்குகிற கடைக்கு முழுதாகக் கொடுத்தோம்.

புதுப் பெட்டி முடிந்ததும், பற்றரி ஏற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்வேன். வெறும் பெட்டிக்குள் ஒரு பிடி ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்து மூடிவிட்டு, கூரைக் குழாயைப் பார்ப்பது. தங்கச்சி கடையிலிருந்து ஊதுபத்தி எடுத்துத் தந்தார். 5 நிமிடம் பார்த்தோம், மேலே ஒன்றுமில்லை, கட்டிலோரத்தில் மட்டும் சாதுவாகப் புகை. குழாயை யன்னலுக்குக் கீழே வளைத்த இடத்தில் ஒரு தொய்வு விழுந்திருந்தது, மூடியின் ரப்பரும் ஒரு மூலையில் ஒட்டவில்லை. இரண்டையும் சரிசெய்து திரும்பக் கொளுத்தினோம். இந்தத் தடவை தம்பி கூரையில் ஏறி நின்றார்.

“அண்ணை, வருது!”

அதன் பிறகுதான் பற்றரியை ஏற்றினோம்.