அடுத்த முறை வரும்போது ட்யூபையும் கொண்டு வாருங்கள்

முகப்பருவுக்கு நான் ரெட்டினாய்டு க்ரீம் எழுதிக் கொடுத்த நோயாளிகள் இரண்டாவது முறை வரும்போது, முதலில் கேட்பது அந்த ட்யூபைத்தான். மேற்கு மாம்பலத்தில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். முகத்தைக் காட்ட வந்தால் டாக்டர் கைப்பையில் இருப்பதைக் கேட்கிறாரே என்று. ஆனால் ட்யூபைப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். ஆறு வாரம் கழித்தும் புதிது போல உப்பிக்கொண்டு இருந்தால் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். பத்தே நாளில் பற்பசை ட்யூப் மாதிரி நசுங்கி வந்தால் முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சில சமயம் நான் எழுதிய ட்யூபே இருக்காது, கடைக்காரர் ‘இதுவும் அதேதான்’ என்று கொடுத்த வேறொன்று இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரெட்டினாய்டு என்பது வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்துகளுக்குப் பொதுப்பெயர். பருவுக்கு இங்கே நாங்கள் அதிகம் எழுதுவது அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டும்தான். ட்ரெட்டினாயின் 1971-லேயே அமெரிக்காவில் பரு மருந்தாக அனுமதி பெற்றது. ஆக இது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. பரு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்த மருந்தின் போக்கு புரியும். மயிர்க்கால் துளையின் உட்சுவரில் உள்ள செல்கள் உதிர்ந்து வெளியே வந்துவிட வேண்டும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைத்துவிடுகின்றன. கண்ணுக்கே தெரியாத அந்த அடைப்புதான் சில வாரங்களில் கரும்புள்ளியாகவோ வெள்ளைக் குருணையாகவோ ஆகிறது, பிறகு சிவந்து வீங்குகிறது. ரெட்டினாய்டு அந்த ஆரம்ப இடத்தில் வேலை செய்கிறது. செல்லின் உட்கருவரைக்கும் போய், உதிரும் ஒழுங்கைச் சரிசெய்கிறது.

அதனால்தான் இதைப் பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைத்தால் பயன் இல்லை. இன்று தெரிகிற பருவுக்காக இதைப் பூசுவதில்லை. அடுத்த மாதம் வரவிருக்கும் பருவுக்காகப் பூசுகிறோம்.

இனி நான் சொல்லப்போகும் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுக்கு நடந்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து ஒரு பெண், பொறியியல் முதலாம் ஆண்டு. நெற்றியிலும் கன்னத்திலும் குருணை குருணையாக. அடாபலீன் 0.1 சதவீத ஜெல் எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்து அம்மாவோடு வந்தாள். ட்யூபைக் கேட்டேன், கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. “மூணாவது வாரம் முன்னைவிட அதிகமாயிடுச்சு டாக்டர். தோல் வேற உரிஞ்சுது. இந்த க்ரீம் இவளுக்கு ஒத்துக்கல” என்றார் அம்மா.

‘ஒத்துக்கல’ என்ற சொல்லை நான் வாரத்துக்குப் பத்து முறையாவது கேட்கிறேன். பாதி நேரம் அது நிஜமில்லை. முதல் சில வாரங்களில் முகம் காய்வதும், லேசாகச் சிவப்பதும், மூக்கோரம் உரிவதும் பெரும்பாலானவர்களுக்கு வரும். சிலருக்கு உள்ளே இருந்த அடைப்புகள் ஒரேயடியாகக் கிளம்பிப் பரு கூடுவது போலவும் தெரியும். இரண்டுமே போகப் போக அடங்கிவிடும். பலன் கண்ணுக்குத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஆக, கஷ்டமெல்லாம் முதல் மாதத்தில், பலன் மூன்றாம் மாதத்தில். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால், மூன்றாவது வாரம் ட்யூபை அலமாரியில் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதில் என் பங்கும் உண்டு. பயிற்சி முடித்து உட்கார்ந்த புதிதில், திருமணமான ஒரு பெண்ணுக்கு ட்ரெட்டினாயின் 0.05 சதவீதம், தினமும் இரவு, என்று எழுதிக் கொடுத்தேன். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். ‘நைட்ல போடுங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க’ என்பதோடு என் விளக்கம் முடிந்தது. அவர் பத்தாம் நாளே வந்தார். வாயைச் சுற்றித் தோல் வெடித்து, சாம்பார் பட்டாலே எரிகிறது என்று கண்கலங்கினார். எரிச்சல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அது விட்டுப்போன கருமை மாதக்கணக்கில் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் வரவும் இல்லை.

நம் நிறத் தோலில் இதுதான் முக்கியமான சங்கதி. பரு போனாலும் அது இருந்த இடம் கறுத்துப்போகும். மருந்தே முகத்தை எரித்துவிட்டால் அந்த இடமும் கறுக்கும். வெளிநாட்டு வீடியோவில் ஒரு பெண் தினமும் பூசி, உரிந்து, மூன்றே வாரத்தில் பளபளப்பதைப் பார்த்துவிட்டு நாமும் அதே வேகத்தில் போனால், பருவுக்குப் பதில் கருந்திட்டுதான் மிஞ்சும். மெதுவாகத் தொடங்குவது நமக்குக் கட்டாயம்.

அப்புறம் பைக்கில் டெலிவரிக்குப் போகும் ஒரு தம்பி. அவனுக்கு ட்யூப் ஒன்பது நாளில் தீர்ந்துவிட்டது. “நிறையப் போட்டா சீக்கிரம் போயிடும்னு நினைச்சேன் மேடம்” என்றான். காலையிலும் போட்டிருக்கிறான், அதோடு மத்தியான வெயிலில் ஓ.எம்.ஆர். முழுக்க ஓட்டியிருக்கிறான். ஹெல்மெட் பட்டை உரசும் தாடைப் பக்கம் தோல் பச்சைப் புண்ணாக இருந்தது. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அந்தக் கணக்கில் தினமும் போட்டாலே பதினைந்து கிராம் ட்யூப் ஒரு மாதத்துக்கு மேல் வரும். அதிகம் பூசினால் எரிச்சல்தான் அதிகமாகும், பலன் சீக்கிரம் வராது.

நான் இப்போது சொல்லும் முறை இது. இரவு முகத்தை மென்மையான க்ளென்சரால் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, இருபது நிமிடம் சும்மா இருங்கள். ஈரத் தோலில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கி எரியும். நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று புள்ளி புள்ளியாக வைத்து மெல்லப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை அல்லது மூன்று நாளைக்கு ஒருமுறை. தாங்கினால் நாட்களைக் கூட்டலாம். மென்மையான தோல்காரர்களுக்கு முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர் என்று சொல்வேன். அதுவும் தாங்காவிட்டால் அரை மணி நேரம் வைத்துக் கழுவிவிடச் சொல்வேன். அப்படிச் செய்தும் பலன் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

மாய்ஸ்சரைசர் என்றதும் சென்னைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். “இந்த வியர்வைல க்ரீமா? மூஞ்சியே எண்ணெய் வழியுது டாக்டர்.” வியர்வையும் எண்ணெயும் தோலின் ஈரப்பதமும் வேறு வேறு. எண்ணெய் வழியும் முகமே இந்த மருந்தால் காய்ந்து உரியும். துளைகளை அடைக்காதது என்று லேபிளில் போட்டிருக்கும் ஜெல் வகை மாய்ஸ்சரைசர் வாங்கினால் பிசுபிசுப்பு இருக்காது. பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன். சன்ஸ்க்ரீன் போட முடியாது என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் ரெட்டினாய்டே எழுதுவதில்லை. கறார்தான், ஆனால் கத்திரி வெயிலில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. (போர் தண்ணியால்தான் பரு என்று சொல்லாத ஒரு நோயாளியை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை. தண்ணீரை விட்டுவிடுங்கள். தலையில் தேய்க்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்குகிறதா என்று பாருங்கள்.)

மருந்து பூசும் காலத்தில் எலுமிச்சைச் சாறு, ஸ்க்ரப், பார்லர் ப்ளீச், ஃபேஷியல் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். மேலுதட்டில் வேக்ஸிங் கூடவே கூடாது. முடியோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு அப்படி நடந்து ஓடிவந்த மணப்பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பென்சாயில் பெராக்ஸைடு என்ற இன்னொரு பரு மருந்தும் சேர்த்து எழுதியிருந்தால், சாதாரண ட்ரெட்டினாயினோடு ஒரே நேரத்தில் பூச வேண்டாம், அது மருந்தைச் சிதைத்துவிடும். ஒன்று காலை, ஒன்று இரவு. அடாபலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் பென்சாயில் பெராக்ஸைடு துணியை வெளுக்கும். நல்ல தலையணை உறை திட்டுத் திட்டாகப் போய்விட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்த மாமியார்கள் உண்டு.

இப்போது அந்த ‘அதேதான்’ ட்யூப். ட்ரெட்டினாயினோடு, கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும் ஒரு ஸ்டீராய்டும் கலந்த மூன்று மருந்துக் க்ரீம்கள் உண்டு. மங்குக்காக, சில வாரங்களுக்கு மட்டும், டாக்டர் கண்காணிப்பில் பூச வேண்டியவை அவை. நம் ஊரில் அவை சிவப்பழகு க்ரீமாகக் கை மாறுகின்றன. ஸ்டீராய்டு இருப்பதால் முதல் வாரமே முகம் தெளிந்து வெளுக்கும். உண்மையான ரெட்டினாய்டு முதல் மாதம் முகத்தைக் கெடுப்பது போலக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஜனங்கள் எதை நம்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீராய்டு கலந்த அந்த க்ரீமை ஆறு மாதம் கழித்து நிறுத்தினால் முகம் தீயாய்ச் சிவக்கும், ஒரே அளவில் குட்டிக் குட்டிப் பருக்கள் கிளம்பும், ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பெண்களுக்குப் பூனைமுடி அடர்த்தியாகும். மறுபடி பூசினால் அடங்கும், அதனால் விடவே முடியாது.

தோலில் பூசும் பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. ட்யூபில் பொடி எழுத்தில் மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால், நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் வாருங்கள். படிப்படியாகத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

‘அமெரிக்காவுல கடையிலயே விக்கிறாங்களாமே’ என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அடாபலீன் 0.1 சதவீதம் அங்கே 2016 முதல் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. அண்ணி பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த ட்யூபோடு சிலர் வருகிறார்கள். அதே மருந்துதான், பயமில்லாமல் பூசலாம். ஆனால் பட்டாணி அளவும் இருபது நிமிடமும் அதற்கும் உண்டு.

கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு க்ரீம்களைத் தவிர்க்க வேண்டும். இதே குடும்பத்து மாத்திரையான ஐசோட்ரெட்டினாயின் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது. க்ரீம் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு என்றாலும் நாங்கள் முன்ஜாக்கிரதையாக நிறுத்திவிடுகிறோம். தெரியாமல் பூசிவிட்டு நாள் தள்ளிப்போனது தெரிந்தால் பதறிப்போய் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பூசுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் காலத்துக்கு அசெலாயிக் ஆசிட் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. கல்யாணம் ஆகிவிட்டதா என்று நான் கேட்டால் வம்புக்காக இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாமே ‘பழகிப் போயிடும்’ வகையும் இல்லை. கொப்புளம், நீர்க்கசிவு, கண்ணிமை வீக்கம் என்றால் அன்றைக்கே நிறுத்திவிட்டு வாருங்கள். சில முகங்களுக்கு இந்த மருந்து நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது. பள்ளமாக விழுந்துவிட்ட பழைய தழும்புகளை இந்த க்ரீம் மட்டும் நிரப்பிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு வேறு சிகிச்சை.

பெரம்பூர்ப் பெண்ணுக்கு வருகிறேன். அதே ட்யூபைத்தான் திரும்பக் கொடுத்தேன். வாரம் மூன்று இரவு, மாய்ஸ்சரைசர் மேலே. மூன்றாவது வாரம் என்ன ஆகும் என்று இந்த முறை காலண்டரில் காட்டிச் சொன்னேன். நான்காம் மாதம் அவள் வந்தபோது மேஜையில் இரண்டு காலி ட்யூப்கள். நெற்றி சுத்தமாகிவிட்டது, கன்னத்தில் கருமை மட்டும் மங்கிக்கொண்டிருந்தது. ‘நிறுத்திடலாமா?’ என்றாள். பரு நின்றதும் நிறுத்தியவர்கள் பலர் சில மாதத்தில் திரும்பி வருவதைப் பார்த்திருப்பதால், வாரம் இரண்டு இரவாவது தொடரச் சொன்னேன்.

அவள் எழுந்த பிறகும் அம்மா எழவில்லை. “டாக்டர், இந்த க்ரீம் சுருக்கத்துக்கும் போடுறாங்களாமே?” போடுகிறார்கள்தான். பருவுக்கு ட்ரெட்டினாயின் பூசிய நடுவயதுப் பெண்கள் முகம் வழுவழுப்பாகிறது என்று சொன்னதிலிருந்துதான் அந்தக் கதையே தொடங்கியது. மாதவிடாய் நின்றுவிட்டதா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டு, ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், வாரம் இரண்டு இரவு என்று எழுதினேன். ‘ஒத்துக்கல’ என்று அவரே சொன்ன சங்கதிகளை மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சீட்டை மடித்துக்கொண்டே, “கஸ்தூரி மஞ்சள் பூசிக்கலாம் இல்ல?” என்றார்.

“மூணு மாசத்துக்கு வேண்டாம்மா” என்றேன். முகம் சுருங்கிவிட்டது.